இருமல் டானிக்: தொண்டையை ஆற்றுவது எதுவோ, அதில்தான் நஞ்சும் கலக்கிறது!

மழை நாலு நாள் சேர்ந்தாற்போல் பெய்தால் போதும், மெடிக்கல் ஷாப் வாசலில் இந்த வசனத்தைக் கேட்கலாம். "அண்ணா, பாப்பாவுக்கு ரெண்டு நாளா இருமல். தூங்கவே மாட்டேங்குறா. நல்ல டானிக்கா ஒண்ணு குடுங்க." கடைக்காரர் வயதைக் கேட்பார். சில சமயம் கேட்காமலே ஒரு பாட்டிலை எடுத்து வைப்பார். சிவப்பா, கெட்டியா, இனிப்பா இருக்கும். ராத்திரி ஒரு மூடி கொடுத்ததும் குழந்தை கொஞ்ச நேரம் இருமாமல் தூங்கும். நமக்கும் நிம்மதி.

அந்தப் பாட்டிலில் தொண்டையை ஆற்றியது எது? லேபிளைத் திருப்பிப் பார்த்தால் வாயில் நுழையாத பெயர்கள் மூன்றோ நான்கோ இருக்கும். அவற்றில் ஏதோ ஒன்றுதான் வேலை செய்தது என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால், அந்த முதல் அரை மணி நேர நிம்மதியைத் தந்தது பெரும்பாலும் அந்தப் பெயர்கள் எதுவும் இல்லை. அவற்றைக் கரைத்து வைத்திருக்கும் கெட்டியான இனிப்புத் திரவம்தான் தந்தது.

இது சும்மா ஒரு சுவாரஸ்யத் தகவல் இல்லை. 2025 செப்டம்பரில் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் வரிசையாக இறந்தார்களே, நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான மருந்தைக் குடித்து... அந்த நஞ்சு இருந்ததும் அதே திரவத்தில்தான்.

உள்ளழலாற்றி!

முதலில் தொண்டையைப் பார்த்துவிடுவோம். வாய், மூக்கு, தொண்டை, இரைப்பை, குடல், கண் இமையின் உட்புறம், சிறுநீர்ப்பாதை இவை எல்லாவற்றையும் உள்ளே போர்த்தியிருப்பது சளிச்சவ்வு. எப்போதும் ஈரமாக இருக்க வேண்டிய மெல்லிய விரிப்பு அது. சளி பிடித்தால் இந்த விரிப்பு வீங்கிச் சிவக்கிறது. மேலே இருக்கும் ஈரப் பூச்சு குறைகிறது. அடியில் இருக்கும் நரம்பு நுனிகள் கிட்டத்தட்ட வெட்டவெளியில் நிற்கின்றன. அப்புறம் காற்று பட்டாலும் அரிக்கும், எச்சில் விழுங்கினாலும் எரியும். அந்த அரிப்புதான் வறட்டு இருமலாக வெளியே வருகிறது.

இந்த இடத்தில் வழவழப்பான எதையாவது ஊற்றினால் என்ன ஆகும்? ஒரு மெல்லிய படலம் படியும். நரம்பு நுனி கொஞ்ச நேரம் மூடப்படும். இனிப்பு என்றால் எச்சிலும் கூடுதலாகச் சுரக்கும். அதுவும் ஒரு பூச்சுதான். இப்படி வேலை செய்யும் பொருள்களை ஆங்கில மருத்துவம் 'டெமல்சென்ட்' என்கிறது. லத்தீனில் 'தடவிக்கொடுப்பது' என்று அர்த்தம் வரும் சொல்லிலிருந்து வந்தது. நம் சித்த மருத்துவ நூல்களில் இதற்கு இன்னும் துல்லியமான பெயர் இருக்கிறது: உள்ளழலாற்றி. உள்ளே இருக்கும் அழலை ஆற்றுவது. அதிமதுரத்தின் குணத்தைச் சொல்லும் இடத்தில் இந்த வார்த்தையைப் பார்க்கலாம். எனக்கென்னவோ லத்தீனைவிட நம்ம வார்த்தைதான் பிடித்திருக்கிறது.

இந்த வேலைக்கு ஒரு எல்லையும் உண்டு. படலம் படிவது தொண்டை வரைதான். நுரையீரலுக்குள் எதுவும் போகாது, போகவும் கூடாது. ஆறுதல் நீடிப்பதும் அரை மணி நேரம் மாதிரிதான். கிருமியை இது கொல்லாது, சளியைக் கரைக்காது, காய்ச்சலைக் குறைக்காது. ஆனால், சாதாரண சளி இருமல் தானாகவே போகிற நோய். இடையில் ராத்திரித் தூக்கம்தான் பிரச்னை. அந்தத் தூக்கத்துக்கு அரை மணி நேரம் பல சமயம் போதும்.

பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் சளிக்கென்றே ஓர் ஆய்வு மையத்தை நடத்தியவர் ரொனால்டு எக்கிள்ஸ். இருமல் மருந்து ஆய்வுகளைப் பல வருடங்கள் அலசிய அவர் சொன்னது இதுதான்: மருந்து கலந்த சிரப் கொடுத்தாலும் மருந்தே கலக்காத இனிப்புத் திரவத்தைக் கொடுத்தாலும் இருமல் குறைகிறது. அந்தக் குறைவில் பெரும்பகுதி திரவத்தின் இனிப்பு, வழவழப்பு, 'மருந்து சாப்பிட்டுவிட்டோம்' என்ற நம்பிக்கை ஆகியவற்றால் வருவது. லேபிளில் பெரிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பங்கு அதற்கு அப்புறம்தான்.

சிந்த்வாராவில் நடந்தது

மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டம், பராசியா பகுதி. 2025 ஆகஸ்ட் இறுதி, செப்டம்பரில் சின்னக் குழந்தைகளுக்குச் சளி, காய்ச்சல். டாக்டரிடம் காட்டி, எழுதிக் கொடுத்த சிரப்பை வாங்கிக் கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியதுபோல் இருந்தது. அப்புறம் வாந்தி. அதற்கப்புறம் சிறுநீர் நின்றுபோனது. நாக்பூர் வரை தூக்கிக்கொண்டு ஓடியும் பலரைக் காப்பாற்ற முடியவில்லை. முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட்டார்கள், தொற்றைச் சந்தேகப்பட்டார்கள். சிறுநீரகத் திசுவை எடுத்துப் பார்த்தபோதுதான் இது நஞ்சின் வேலை என்பது தெரிந்தது. பலியான குழந்தைகள் 20-க்கும் மேல். பெரும்பாலும் 5 வயதுக்கு உட்பட்டவர்கள்.

மருந்தின் பெயர் கோல்ட்ரிஃப். தயாரித்தது சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரீசன் பார்மசூட்டிகல்ஸ். மத்தியப் பிரதேசத்திலிருந்து கடிதம் வந்ததும், ஆயுத பூஜை விடுமுறையிலும் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை போய் மாதிரி எடுத்தது. எஸ்.ஆர்-13 என்ற தொகுதியில் டைஎத்திலீன் கிளைகால் 48.6 சதவிகிதம் இருந்தது. அனுமதிக்கப்படும் அளவு 0.1 சதவிகிதம். கணக்குப் போட்டால், 5 மில்லி மூடி ஒன்றில் கிட்டத்தட்ட 2.4 கிராம் நஞ்சு! கிட்டத்தட்ட பாதி பாட்டில். 'கலப்படம்' என்ற வார்த்தையே இதற்குப் போதாது.

ஆய்வுக்குப் போனவர்கள் அந்த ஆலையில் 300-க்கும் அதிகமான விதிமீறல்களைக் கணக்கெடுத்தார்கள். உரிமையாளர் கைதானார், உரிமம் ரத்தானது. மருந்தை எழுதிக்கொடுத்த டாக்டரும் கைது செய்யப்பட்டார். எத்தனையோ வருடங்களாக உரிமத்தோடு ஓடிக்கொண்டிருந்த ஆலை அது. அந்த 300-ல் ஒன்றுகூட அதுவரை யார் கண்ணிலும் படவில்லையா? விடுமுறை நாளிலும் போய் மாதிரி எடுத்த வேகத்தைப் பாராட்டும்போதே இந்தக் கேள்வியையும் நாம் கேட்கத்தான் வேண்டும்.

ஏன் எப்போதும் அதே நஞ்சு?

பாராசிட்டமால் போன்ற மருந்துகள் தண்ணீரில் லேசில் கரையாது. அதனால் சிரப் செய்பவர்கள் கிளிசரின், புரொப்பிலீன் கிளைகால், சார்பிட்டால் மாதிரியான கெட்டித் திரவங்களைச் சேர்க்கிறார்கள். மருந்தைக் கரைப்பதும் கசப்பை மறைப்பதும் தொண்டையில் வழுக்கிக்கொண்டு போவதும் இவற்றின் வேலை. கிளிசரின் தன்னளவிலேயே நல்ல உள்ளழலாற்றி. மருந்துத் தரத்தில் இருந்தால் இவற்றால் பயமில்லை.

டைஎத்திலீன் கிளைகால் இவற்றுக்கு ஒரு சித்தப்பா மகன் மாதிரி. பார்க்க அதே தெளிவு, அதே கெட்டி, நாக்கில் வைத்தால் அதே இனிப்பு. பிரேக் திரவம், பெயின்ட், அச்சு மை, பிளாஸ்டிக் தொழில்களில் பயன்படுவது. விலை குறைவு. டிரம்மைத் திறந்து பார்த்தோ, முகர்ந்தோ வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. ஆய்வகச் சோதனை செய்தால் மட்டும்தான் தெரியும். உடம்புக்குள் போனதும் கல்லீரல் இதை உடைக்கிறது. அப்போது உருவாகும் டைகிளைகாலிக் அமிலம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைக் கொல்கிறது. அதனால்தான் முதல் நாள் எதுவும் தெரிவதில்லை. குழந்தைக்குச் சளி குறைகிற மாதிரியே இருக்கும், அம்மாவும் அடுத்த வேளை மருந்தை ஊற்றிக் கொடுப்பாள்.

இந்தக் கதை புதுசு இல்லை. 1937-ல் அமெரிக்காவில் ஒரு நிறுவனம் சல்ஃபானிலமைடு என்ற மருந்தைத் திரவமாக்க இதே டைஎத்திலீன் கிளைகாலைச் சேர்த்து, ராஸ்பெர்ரி வாசனையும் போட்டு விற்றது. யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. சட்டமும் கேட்கவில்லை. 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதில் ஒரு வேடிக்கை, இல்லை, வேதனை என்ன தெரியுமா? நச்சு மருந்தை விற்றதற்காக அந்த நிறுவனத்தைப் பிடிக்க அப்போது சட்டமே இல்லை. 'எலிக்சர்' என்றால் அதில் ஆல்கஹால் இருக்க வேண்டும், இதில் இல்லை, ஆகவே பெயர் தப்பு என்று சொல்லித்தான் சரக்கைப் பறிமுதல் செய்தார்கள்! அடுத்த வருடமே அமெரிக்காவில் புதிய மருந்துச் சட்டம் வந்தது.

நம் ஊர்க் கணக்கு இதைவிட நீளம். 1972-ல் இதே மெட்ராஸில் 14, 15 குழந்தைகள். 1986-ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில், நோயாளிகளுக்குக் கொடுத்த கிளிசரினில் கலந்திருந்து 14 பேர். 1998-ல் டெல்லியை ஒட்டிய குர்கான் பகுதியில் 33 குழந்தைகள். 2019-20 குளிர்காலத்தில் ஜம்முவின் ராம்நகரில் 12 குழந்தைகள். 2022-ல் இந்தியாவில் தயாரான சிரப்களைக் குடித்து ஆப்பிரிக்காவின் காம்பியாவில் 70-ஐ ஒட்டிய குழந்தைகள், உஸ்பெகிஸ்தானில் 60-க்கும் மேற்பட்டவர்கள். அதே வருடம் இந்தோனேசியாவில், அங்கேயே தயாரான சிரப்களில், 200-க்கும் மேற்பட்ட குழந்தைகள்.

2006-ல் பனாமா நாட்டில் நடந்தது இதில் தனிக்கதை. அரசு தயாரித்து இலவசமாகக் கொடுத்த இருமல் மருந்து அது. அதற்கான கிளிசரின் சீனாவில் ஒரு தொழிற்சாலையிலிருந்து கிளம்பி, கை மாறிக் கை மாறி வந்தது. கிளம்பும்போது டிரம்மின் மேல் இருந்த பெயர் 'டி.டி. கிளிசரின்'. சீன மொழியில் 'டி.டி.' என்பது 'மாற்றுப்பொருள்' என்பதன் சுருக்கம். அதாவது, கிளிசரின் மாதிரி ஒன்று. வழியில் வந்த இடைத்தரகர்களின் காகிதத்தில் அந்த 'டி.டி.' காணாமல் போய்விட்டது. பனாமாவுக்கு வந்து சேர்ந்தபோது அது சுத்தமான கிளிசரின்! நடுவில் யாராவது ஒருவர், ஒரே ஒருவர், ஒரு சொட்டு எடுத்துச் சோதித்திருந்தால் 100-க்கும் அதிகமான உயிர்கள் பிழைத்திருக்கும்.

கோல்ட்ரிஃப் விவகாரத்திலும் விசாரணை போய் நின்றது அந்த டிரம்மின் முன்னால்தான். மருந்துத் தரம் இல்லாத புரொப்பிலீன் கிளைகாலை வாங்கிப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. மருந்துத் தொழிலில் முக்கிய மருந்துக்கு மட்டும்தான் ராஜமரியாதை. அதன் தூய்மை, அளவு, வாங்கிய இடம் எல்லாம் பார்க்கப்படும். கூட வருகிற திரவத்துக்குப் பெயரே 'துணைப்பொருள்'. தண்ணீர் மாதிரி ஒன்றுதானே என்கிற அலட்சியம். ஆனால், பாட்டிலைக் குடிக்கும் குழந்தையின் வயிற்றுக்குள் போவதில் பெரும்பங்கு அந்தத் துணைப்பொருள்தான்.

வெளிநாட்டுக்கு ஒரு விதி, நம் வீட்டுக்கு ஒரு விதியா?

காம்பியா, உஸ்பெகிஸ்தான் சம்பவங்களால் உலக அளவில் தலைகுனிவு ஏற்பட்டதும் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. 2023 ஜூன் 1 முதல், இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாகும் இருமல் சிரப் ஒவ்வொன்றும் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டு, சான்றிதழோடுதான் கப்பலேற வேண்டும். நல்ல விதி. ஆனால், பராசியா கடைகளுக்கும் நம்ம தெருமுனைக் கடைக்கும் போகிற சிரப்புக்கு அப்படியொரு சான்றிதழ் கட்டாயம் இல்லை. கம்பெனியே சோதித்துக்கொள்ள வேண்டும், அதிகாரிகள் அவ்வப்போது மாதிரி எடுப்பார்கள், அவ்வளவுதான். வெளிநாட்டுக் குழந்தைக்குக் கிடைத்த பாதுகாப்பு உள்ளூர்க் குழந்தைக்குக் கிடைக்கவில்லை என்பதை எப்படிச் சுற்றி வளைத்துச் சொன்னாலும் அது நியாயம் ஆகாது.

'இத்தனை ஆயிரம் ஆலைகள், இத்தனை லட்சம் பாட்டில்கள், எல்லாவற்றையும் அரசே சோதிக்க முடியுமா?' என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பாட்டில்களை விடுங்கள், டிரம்களைச் சோதிக்கலாமே? ஒரு டிரம்மிலிருந்து ஆயிரக்கணக்கான பாட்டில்கள் வருகின்றன. கிளிசரினும் புரொப்பிலீன் கிளைகாலும் யாரிடமிருந்து யாருக்கு, எந்தத் தரத்தில் கைமாறின என்ற தடம் இருந்தாலே பாதிப் பிரச்னை தீரும். 2025 அக்டோபரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, மூலப்பொருளையும் தயாரான மருந்தையும் தொகுதிவாரியாகச் சோதிப்பதை உறுதிசெய்யச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. இது புது விதி இல்லை. ஏற்கெனவே புத்தகத்தில் இருக்கும் விதியை 'தயவுசெய்து பின்பற்றுங்கள்' என்று நினைவூட்டுகிறார்கள்! அதே அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட எச்சரிக்கையில் கோல்ட்ரிஃப்போடு, குஜராத்தில் தயாரான வேறு இரண்டு சிரப்களும் இருந்தன. அப்படியென்றால், இது ஏதோ ஒரு சுங்குவார்சத்திர ஆலையின் தனிப்பட்ட குற்றம் என்று முடித்துவிட முடியாது.

சிரப்போடும் இது நிற்கவில்லை. கண் வறட்சிக்கு விடும் 'செயற்கைக் கண்ணீர்' சொட்டு மருந்தும் உள்ளழலாற்றி வகைதான். கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் என்கிற வழவழப்பான பொருள், இமையின் உட்புறச் சவ்வுக்கும் கண்ணுக்கும் இடையில் படலமாக நிற்கும். 2023-ல் அமெரிக்காவில் எந்த மருந்துக்கும் லேசில் அடங்காத பாக்டீரியா தொற்றி 81 பேர் பாதிக்கப்பட்டார்கள். 4 பேர் இறந்தார்கள், சிலருக்குக் கண்ணையே எடுக்க வேண்டிவந்தது. சென்னை அருகே தயாரான செயற்கைக் கண்ணீரோடு அந்தத் தொற்றைத் தொடர்புபடுத்தியது அமெரிக்க நோய்த்தடுப்பு மையம். நம் மாநில அதிகாரிகள் ஆலையில் இருந்த மாதிரிகளைச் சோதித்துவிட்டு, கிருமி இல்லை என்றார்கள். அமெரிக்க ஆய்வாளர்களோ நேரில் வந்து பார்த்து, கிருமிநீக்க நடைமுறையில் ஏராளமான ஓட்டைகளைப் பட்டியலிட்டார்கள். அங்கேயும் இடறியது 'இதுல என்ன ஆகிடப் போகுது' என்று எல்லோரும் நினைக்கும் சாதுவான பொருள்தான்.

அப்போ இருமலுக்கு என்னதான் கொடுக்குறது?

இந்தக் கேள்விக்கு அரசே ஒரு பதில் சொல்லியிருக்கிறது. 2 வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்துகள் கூடாது. 5 வயதுக்குக் கீழே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்பது மத்திய சுகாதார சேவைகள் இயக்குநரகத்தின் 2025 அக்டோபர் அறிவுரை. கோல்ட்ரிஃப்பில் இருந்த குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் கூட்டு மருந்தை 4 வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே சொல்லியாகிவிட்டது. அதாவது, நஞ்சு கலக்காத சிரப்பாக இருந்திருந்தாலும் பராசியாவின் அந்தச் சின்னக் குழந்தைகள் பலருக்கு அந்த மருந்தே தேவையில்லை. இதுதான் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது.

அரை மணி நேரம் தொண்டையை ஆற்றுவதுதான் தேவை என்றால், அதற்கு வீட்டிலேயே ஆள் இருக்கிறது. முதலில் தேன். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 2007-ல் 105 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், படுக்கப்போகும் முன் கொடுத்த தேன், எதுவும் கொடுக்காமல் விட்டதைவிட இருமலையும் தூக்கத்தையும் தெளிவாக மேம்படுத்தியது. இருமல் மருந்தால் அப்படிச் செய்ய முடியவில்லை. 2012-ல் இஸ்ரேலில் 1 முதல் 5 வயது வரையிலான 300 குழந்தைகளிடம் தேனையும் பேரீச்சம்பழப் பாகையும் ஒப்பிட்டார்கள். தேன் ஜெயித்தது. ஆனால், பேரீச்சம்பழப் பாகு குடித்தவர்களுக்கும் இருமல் குறைந்தது! இனிப்பும் கெட்டியும் சேர்ந்தால் தொண்டைக்கு ஆறுதல்தான் என்பது இதிலும் தெரிகிறது. உலக சுகாதார நிறுவனம் 2001-லேயே, விலை மலிவான, வீட்டில் கிடைக்கிற, பாதுகாப்பான பொருள்களால் தொண்டையை ஆற்றுங்கள் என்றுதான் சொன்னது.

ஆனால், ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. ஒரு சொட்டுகூட. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை பாக்டீரியாவின் வித்து, முதிராத குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கித் தசைகளை முடக்கிவிடும். நம் ஊரில் பிறந்த குழந்தைக்குச் சேனை வைக்கும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. "நம்ம வம்சத்துல எல்லாருக்கும் தேன்தான் தொட்டு வெச்சோம், என்ன ஆயிடுச்சு?" என்று பெரியம்மாக்கள் கேட்பார்கள். அவர்களோடு சண்டை போடாதீர்கள். "டாக்டர் ஒரு வருஷம் பொறுக்கச் சொல்லிட்டார் பெரியம்மா" என்று பழியை டாக்டர் மேல் போட்டுவிடுங்கள். அந்த வயதுக்குத் தாய்ப்பாலைவிட நல்ல உள்ளழலாற்றி கிடையாது. அடிக்கடி கொடுங்கள். மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு போதும்.

'தேன்லயும் கலப்படம்னு சொல்றாங்களே?' உண்மைதான். டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020-ல் ஜெர்மனிக்கு அனுப்பிச் செய்த என்.எம்.ஆர். சோதனையில், 13 பிராண்டுகளில் 10 தேறவில்லை. நிறுவனங்கள் மறுத்தன. கலந்ததாகச் சொல்லப்பட்டது சர்க்கரைப் பாகு. அது மோசடிதான், காசு வாங்கிக்கொண்டு ஏமாற்றுவதுதான். ஆனால், சர்க்கரைப் பாகு சிறுநீரகத்தைக் கொல்லாது.

ஒரு வயது தாண்டிய குழந்தைக்குப் படுக்கும் முன் அரை டீஸ்பூனிலிருந்து ஒரு டீஸ்பூன் தேன், அப்படியே நக்கக் கொடுக்கலாம், அல்லது வெதுவெதுப்பான தண்ணீரில். கொடுத்ததும் வாய் கொப்பளிக்கவோ, பல் துலக்கவோ வைத்துவிடுங்கள். அரிசிக் கஞ்சி, பார்லித் தண்ணீர், ஜவ்வரிசிக் கஞ்சி எல்லாமே இதே வேலையைச் செய்கிற மாவுச்சத்துப் படலங்கள்தான். காய்ச்சல்காரருக்குக் கஞ்சி கொடுத்த பாட்டிகளுக்கு 'பாலிசாக்கரைடு' என்ற வார்த்தை தெரியாது. தொண்டை கேட்பது தெரிந்திருந்தது. வெந்தயத்தை ஊறவைத்தால் வரும் வழவழப்பும், வெண்டைக்காயின் குழகுழப்பும் ஒரே குடும்பம். பனங்கற்கண்டுப் பாலில் ஆற்றுவது பாலும் கற்கண்டும். மிளகு செய்வது வேறு வேலை. புண்ணாக எரியும் தொண்டைக்கு மிளகைக் குறைத்துப் போடுவதே நல்லது.

அதிமதுரம் பெரியவர்களுக்கு நல்லதுதான். சின்னத் துண்டை வாயில் அடக்கிக்கொண்டால் கரகரப்பு அடங்கும். ஆனால், நாள்கணக்கில் கஷாயமாகக் குடித்தால் அதிலுள்ள கிளைசிரைசின் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தைக் குறைக்கும். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் தொடாமல் இருப்பது உத்தமம். இயற்கை என்றால் ஆபத்தே இல்லை என்பதும் இன்னொரு மூடநம்பிக்கைதானே! அதேபோல், கற்கண்டு, இருமல் மிட்டாய் எல்லாம் சின்னக் குழந்தையின் மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். நன்றாக மென்று விழுங்கத் தெரியும் வயது வரை வேண்டாம்.

இவ்வளவும் சாதாரணச் சளி இருமலுக்கு. குழந்தை வேகமாக மூச்சு வாங்கினால் தேன் பாட்டிலைத் தேடாதீர்கள். குழந்தை அமைதியாக இருக்கும்போது, சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு நிமிடம் எண்ணுங்கள். 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் நிமிடத்துக்கு 50, ஒன்று முதல் 5 வயது வரை 40. இதைத் தொட்டாலோ, தாண்டினாலோ நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சிழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், துவண்டு கிடந்தாலும் அப்படியே. 2 மாதத்துக்கும் குறைவான குழந்தை என்றால் எண்ணிக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமல் யாருக்கு வந்தாலும், வீட்டுத் தாத்தா உட்பட, காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும்.

டாக்டரே சிரப் எழுதிக் கொடுத்தால்? "இவனுக்கு இது கட்டாயம் வேணுமா சார்?" என்று கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. பல டாக்டர்கள், மருந்து எழுதாவிட்டால் பெற்றோர் திருப்தி அடைய மாட்டார்கள் என்று நினைத்தே எழுதுகிறார்கள். தேவைதான் என்றால் வாங்குங்கள், பில்லோடு. போன வருடம் அக்காவின் பையனுக்கு வாங்கி, பாதி மீந்த பாட்டிலை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொடுக்கிற வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.

சிரப் கொடுத்த பிறகு குழந்தை வாந்தி எடுத்தாலோ, வயிற்று வலி என்று சுருண்டாலோ, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீரே போகாமல் டயப்பர் காய்ந்து கிடந்தாலோ, உடனே நிறுத்திவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சிறுநீரகம் முழுதாக நிற்பதற்குள் போய்விட்டால் டயாலிசிஸ் செய்யவாவது நேரம் கிடைக்கும். கையோடு அந்தப் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போங்கள். பயத்திலோ, குற்ற உணர்ச்சியிலோ தூக்கி எறிந்துவிடாதீர்கள், கழுவியும் விடாதீர்கள். அடியில் மிச்சமிருக்கும் ரெண்டு மில்லியும், லேபிளில் பொடி எழுத்தில் இருக்கும் தொகுதி எண்ணும் டாக்டருக்குத் தேவைப்படும். எஸ்.ஆர்-13 என்ற எண் வெளியே வந்த பிறகுதான், மற்ற மாநிலங்களின் கடை அலமாரிகளிலிருந்து அந்தப் பாட்டில்களைத் தேடி எடுக்க ஆரம்பித்தார்கள்.